பியூரெட்டில் ஊதா, குடுவையில் நிறமில்லை: டி எலக்ட்ரான் கணக்கு எங்கே இடிக்கிறது?

2024 ஜனவரி 23, மாலை 6.40 | கேள்வி: 'பிப்பெட்'

பன்னிரண்டாம் வகுப்பு. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. இடைநிலைத் தனிமங்களின் சேர்மங்கள் ஏன் நிறமுடையவை என்று கேட்டால் நாங்கள் எழுதும் விடை ஒன்றுதான்: 'இணையாகாத டி எலக்ட்ரான்கள் இருப்பதால்.' இன்று ஆய்வகத்தில் பியூரெட்டில் (சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாய்) பொட்டாசியம் பெர்மாங்கனேட். அதில் மாங்கனீசு +7, அதாவது கணக்கில் ஏழு எலக்ட்ரான் இழந்த நிலை, டி எலக்ட்ரான் பூஜ்யம். நிறமோ கண்ணைப் பறிக்கிறது. குடுவையில் வினை முடிந்தபின் மாங்கனீசு +2. டி எலக்ட்ரான் ஐந்து, ஐந்தும் இணையாகாதவை. அங்கே நிறமே இல்லை. விடை தலைகீழா, நான் எண்ணியது தப்பா? வகுப்பில் கேட்டேன். 'இதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்கார்' என்றார்கள்.

2024 ஜனவரி 23, இரவு 9.15 | பதில்

எண்ணிக்கை சரி. பூஜ்யமும் சரி, ஐந்தும் சரி. அந்த ஒற்றை வரி விடைதான் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

உலோக அயனியைச் சுற்றி நீரோ அம்மோனியாவோ ஈனியாக (எலக்ட்ரான் கொடுத்து ஒட்டிக்கொள்ளும் துணை) வந்து நிற்கும்போது ஐந்து டி ஆர்பிட்டால்களும், அதாவது டி எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களும், ஒரே ஆற்றலில் இருப்பதில்லை. இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. கீழ்க்கூட்டத்து எலக்ட்ரான் மேலே போக, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகிறது. விழுங்காமல் விட்டதுதான் நாம் பார்க்கும் நிறம். டைட்டேனியம் +3 கரைசலின் ஊதா, நிக்கல் உப்பின் பச்சை, மயில்துத்தத்தின் (தாமிர சல்பேட்) நீலம் எல்லாம் இந்த வகை. உங்கள் விடை இவற்றுக்குப் பொருந்தும்.

பெர்மாங்கனேட்டில் நடப்பது வேறு. மாங்கனீசிடம் டி எலக்ட்ரான் இல்லை, ஆனால் காலி ஆர்பிட்டால்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள நான்கு ஆக்சிஜன்களிடமோ எலக்ட்ரான் தாராளம். ஒளி பட்டதும் ஆக்சிஜனின் எலக்ட்ரான் மாங்கனீசின் காலி இடத்துக்குப் போகிறது. இதற்கு மின்சுமை இடமாற்றம் என்று பெயர். முதலில் சொன்ன வகைக்கு டி–டி தாவல் என்று பெயர், அது ஒரே வீட்டுக்குள் கூடத்திலிருந்து மாடிக்கு ஏறுவது. இது பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறி நம் மாடியில் குதிப்பது. மாடி காலியாக இருந்தால் போதும், நம் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

விழுங்கப்படுவது 525 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளி. சிவப்பும் நீலமும் தப்பி வருகின்றன, ஆகவே ஊதா.

2024 ஜனவரி 23, இரவு 9.50

கேள்வியின் இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன். ஐந்து பேர் இருந்தும் ஏன் நிறமில்லை?

மாங்கனீசு +2 அயனியில் ஆர்பிட்டாலுக்கு ஒன்றாக ஐந்து எலக்ட்ரான்கள், ஐந்தும் ஒரே திசைத் தற்சுழற்சி. கீழே இருப்பது மேலே போனால் அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஒரே ஆர்பிட்டாலில் இரண்டு இருக்க வேண்டுமானால் தற்சுழற்சி எதிரெதிராக இருக்க வேண்டும், அதாவது தாவும்போதே திரும்பிக்கொள்ள வேண்டும். ஒளி எலக்ட்ரானைத் தூக்கிவிடும், தற்சுழற்சியைத் திருப்பிவிடாது. எனவே இந்த அயனியில் எல்லா டி–டி தாவல்களும் விதிப்படி தடைசெய்யப்பட்டவை. எல்லாமே. நான்கு எலக்ட்ரான் இருந்தாலும் ஆறு இருந்தாலும் இந்த முழுத் தடை இல்லை. சரியாக ஐந்தில்தான் மாட்டிக்கொள்கிறது.

ஆக, 'இணையாகாத எலக்ட்ரான் அதிகம், ஆகவே நிறம் அதிகம்' என்று யாராவது சொன்னால் மாங்கனஸ் சல்பேட் கரைசலைக் காட்டுங்கள்.

2024 ஜனவரி 24, காலை 7.05

'உப்புக்காரன்' என்ற நண்பர் பிடித்துவிட்டார்: மாங்கனஸ் சல்பேட் படிகம் வெள்ளை இல்லை, வெளிறிய இளஞ்சிவப்பு என்கிறார். உண்மை. புட்டி நிறையப் பார்த்தால் தெரியும். தடை என்றால் நூறு சதவீதம் நடக்காது என்று பொருளல்ல, மிக அரிதாக நடக்கிறது என்று பொருள். எவ்வளவு அரிது என்பதற்கு எண் இருக்கிறது. பெர்மாங்கனேட்டின் மோலார் உறிஞ்சல் குணகம் (ஒரே செறிவில், ஒரே ஆழத்தில் எவ்வளவு ஒளியை விழுங்கும் என்பதன் அளவு) ஏறத்தாழ 2400. மாங்கனீசு +2 நீர் அயனிக்கு ஏறத்தாழ 0.03. கிட்டத்தட்ட எண்பதாயிரம் மடங்கு வேறுபாடு.

பிப்பெட், இந்த எண்ணை உங்கள் குடுவையிலேயே போட்டுப் பார்க்கலாம். 20 மில்லி இரும்புக் கரைசல், 20 மில்லி நீர்த்த கந்தக அமிலம், பியூரெட்டிலிருந்து 0.02 மோலார் பெர்மாங்கனேட் 20 மில்லி. மொத்தம் 60. அதில் மாங்கனீசு +2 செறிவு 0.0067 மோலார். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் உறிஞ்சல் (குணகம், செறிவு, ஆழம் மூன்றின் பெருக்கல், மடக்கை அளவு) 0.001. ஒளியில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் போகிறது. எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

இப்போது முடிவுநிலை (இரும்பு +2 முழுதும் வினைபுரிந்து தீரும் புள்ளி) தாண்டி ஒரே ஒரு சொட்டு. சொட்டு 0.05 மில்லி என்றால் குடுவையில் பெர்மாங்கனேட் செறிவு லிட்டருக்கு ஒரு மோலின் லட்சத்தில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல். ஆனால் உறிஞ்சல் 0.2. பச்சை ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. அந்த இளஞ்சிவப்பைத்தான் பார்த்து நிறுத்துகிறீர்கள்.

பருமனறி பகுப்பாய்வில் (கரைசலின் கனஅளவைக் கொண்டு செறிவு காணும் முறை) பெர்மாங்கனேட்டுக்கு மட்டும் முடிவைக் காட்டத் தனியாக நிறங்காட்டி வேண்டாம் என்று எழுதுகிறோமே, அதன் காரணம் இந்த எண்பதாயிரம்தான். உங்கள் கேள்வி 'தேர்வுக்கு வராது' என்றவர்கள் கவனிக்க: அந்தத் தேர்வே இந்த வேறுபாட்டின் மேல்தான் நடக்கிறது.

2024 ஜனவரி 24, இரவு 10.20

பெர்மாங்கனேட் பேச்சு வந்ததும் ஆய்வகக் கேள்விகள் குவிந்துவிட்டன. பள்ளி ஆய்வகத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் சேர்த்துப் பதில்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றாதீர்கள். குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி. கந்தக அமிலம் ஒன்றுதான் சும்மா இருக்கும்.

ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், மோர் உப்பை (இரும்பு +2 உள்ள அம்மோனியம் இரும்பு சல்பேட்) சூடாக்கக் கூடாது. இதை மாற்றிச் செய்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. மோர் உப்பைச் சூடாக்கினால் இரும்பு +2 காற்றிலேயே +3 ஆகத் தொடங்கிவிடும்.

ஆக்சாலிக் அமிலத்தில் முதல் சொட்டு போட்டதும் இளஞ்சிவப்பு நின்றுவிடுகிறதே என்று கை நடுங்கி, அதையே முடிவுநிலை என்று எழுதிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். 0.1 மில்லி! அந்த வினை தொடக்கத்தில் மந்தம். வினையில் உண்டாகும் மாங்கனீசு +2 அயனியே அதற்கு வினையூக்கி. சில சொட்டுகள் போனபின் போட்டதும் மறையும். பொறுங்கள்.

குடுவை பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை. மாங்கனீசு +2 வரை இறங்காமல் +4-இல் டைஆக்சைடாக நின்றுவிட்டது.

பியூரெட்டில் மேல் விளிம்பைப் படியுங்கள். கீழ்ப்பிறை (கரைசல் மட்டத்தின் வளைந்த அடிப்பகுதி) இந்த நிறத்தில் தெரியாது. தொடக்கம், முடிவு இரண்டு அளவீட்டுக்கும் ஒரே விளிம்பைப் பார்த்தால் கழிக்கும்போது சரியாகிவிடும்.

2024 ஜனவரி 25, காலை 6.30

'உப்புக்காரன்' மறுபடியும். நல்ல அடி இது: இரும்பு +3 அயனிக்கும் ஐந்து டி எலக்ட்ரான்கள்தான், ஐந்தும் இணையாகாதவை, அப்படியானால் பெர்ரிக் குளோரைடு கரைசல் ஏன் மஞ்சள் கலந்த பழுப்பு?

பெர்ரிக் படிகாரம் கையில் கிடைத்தால் பாருங்கள். இரும்பைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் மட்டும் இருக்கும் உப்பு அது. படிகம் மிக மெல்லிய ஊதா, கிட்டத்தட்ட நிறமற்றது. அதுதான் ஐந்து எலக்ட்ரான் அயனியின் சொந்த முகம். கரைத்ததும் ஏன் மஞ்சளாகிறது? இரும்பு +3 தன்னோடு ஒட்டிய நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைத் தள்ளிவிட்டு ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. குளோரைடு இருந்தால் அதையும் பிடிக்கிறது. ஹைட்ராக்சைடிலிருந்தும் குளோரைடிலிருந்தும் எலக்ட்ரான் இரும்புக்குப் போவதுதான் அந்த மஞ்சள். படிகாரக் கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டால் நிறம் வெளிறும், நீராற்பகுப்பு (மேலே சொன்ன ஹைட்ரஜன் அயனித் தள்ளல்) பின்வாங்குகிறது.

சல்போசயனைடு (இப்போதைய பெயர் தயோசயனேட்) ஒரு சொட்டு விட்டால் ரத்தச் சிவப்பு. உப்புப் பகுப்பாய்வில் இரும்பு +3-ஐக் காட்டிக்கொடுக்கும் நிறம். அதுவும் பக்கத்து வீட்டு வேலைதான். தன் சொந்த எலக்ட்ரான்களால் இரும்பு +3 எதையும் காட்டவில்லை.

2024 ஜனவரி 25, பிற்பகல் 2.10

இதை யோசித்துக்கொண்டே இருந்தேன், முதல் குறிப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட்டது உறுத்துகிறது. காலி மாடி இருந்தால் போதும் என்றேன். போதாது. டைட்டேனியம் டைஆக்சைடில் டைட்டேனியம் +4, டி எலக்ட்ரான் இல்லை, மாடி காலி. ஆனால் அது சுவர்ப் பெயின்டின் வெள்ளை. வெனடேட் அயனியும் நிறமற்றது. குரோமேட் மஞ்சள். பெர்மாங்கனேட் ஊதா. நான்கிலும் டி எலக்ட்ரான் பூஜ்யம்.

டைட்டேனியம் +4, வெனேடியம் +5, குரோமியம் +6, மாங்கனீசு +7. மின்சுமை ஏற ஏற ஆக்சிஜனின் எலக்ட்ரானை இழுக்கும் ஆசை கூடுகிறது, இடமாற்றத்துக்குத் தேவையான ஆற்றல் குறைகிறது. டைட்டேனியத்தில் அந்த ஆற்றல் புறஊதாவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலுக்குத் தெரியும். வெயிலுக்குப் பூசும் களிம்பில் அதைச் சேர்ப்பது இதனால்தான். குரோமேட்டில் நீல ஒளியின் விளிம்பைத் தொடுகிறது, ஆகவே மஞ்சள். மாங்கனீசில் பச்சை வரை இறங்கிவிட்டது.

ஆகவே பெர்மாங்கனேட்டின் நிறமும் அதன் ஆக்சிஜனேற்றும் வலிமையும் இரண்டு தனிப் பண்புகள் அல்ல. பாடத்தில் தனித்தனிப் பத்தியாக இருக்கும். இரண்டும் மாங்கனீசு +7-இன் எலக்ட்ரான் பசியின் இரண்டு தோற்றங்கள்.

சந்தேகமிருந்தால் அதே தொகுதியில் கீழே போங்கள். பெர்ரீனேட்டில் ரீனியமும் +7, டி எலக்ட்ரான் பூஜ்யம், அதே நான்முகி வடிவம். நிறமற்றது. அது வலுவான ஆக்சிஜனேற்றியும் அல்ல. பசி போனது, நிறமும் போனது.

2024 ஜனவரி 25, பிற்பகல் 2.25

பெர்மாங்கனேட்டைப் பழுப்புப் புட்டியில் வைப்பதும் இதே கணக்குதான். ஒளி ஆக்சிஜனிலிருந்து எலக்ட்ரானை மாங்கனீசுக்குத் தள்ளுகிறது. பெரும்பாலும் திரும்பிவிடும், எப்போதாவது திரும்பாது. புட்டியின் அடியில் பழுப்புத் தூள் சேரும். அதனால்தான் எடைபோட்டுக் கரைத்ததை அப்படியே திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்தது) என்று நம்பாமல் ஒவ்வொரு முறையும் தரம் பார்க்கிறோம்.

2024 ஜனவரி 26, காலை 10.40

விடுமுறை. ஆகவே நீளமாக.

டி–டி தாவலை மிகவும் இளக்காரமாகப் பேசுகிறேன் என்று 'கருங்கல்' கோபித்திருக்கிறார். மாணிக்கக் கல்லின் சிவப்பு டி–டி இல்லையா என்று கேட்கிறார். ஆம், மாணிக்கம் டி–டிதான். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படிகத்தில் சில அலுமினியத்தின் இடத்தில் குரோமியம் +3. மரகதத்திலும் அதே குரோமியம் +3, ஆனால் பெரில் என்ற வேறு கனிமத்தின் படிகத்தில். மாணிக்கத்தில் சுற்றியுள்ள ஆக்சிஜன்கள் நெருக்கிப் பிடிக்கின்றன, ஆற்றல் இடைவெளி பெரிது, பச்சையும் ஊதாவும் விழுங்கப்பட்டுச் சிவப்பு மிஞ்சுகிறது. மரகதத்தில் பிடி சற்றுத் தளர்வு, இடைவெளி கொஞ்சம் சிறிது, சிவப்பு விழுங்கப்பட்டுப் பச்சை மிஞ்சுகிறது. ஒரே அயனி, இரண்டு கல், இரண்டு விலை. 1960-இல் அமெரிக்க இயற்பியலாளர் மெய்மன் இயக்கிய முதல் லேசரும் மாணிக்கத் தண்டில்தான். அதன் 694.3 நானோமீட்டர் சிவப்பு அதே குரோமியத்தின் டி எலக்ட்ரான்களுடையது. இளக்காரம் வாபஸ்.

ஆனால் கருங்கல் ஐயா எடுத்துக்கொடுத்த அலுமினாவை விட்டுவிட மனமில்லை. அதே அலுமினா படிகத்தில்தான் நீலக்கல்லும் இருக்கிறது. அங்கே குரோமியம் இல்லை. இரும்பும் டைட்டேனியமும் மிகச் சிறிதளவு. இரும்பு மட்டும் இருந்தால் வெளிறிய மஞ்சள். டைட்டேனியம் மட்டும் இருந்தால் நிறமே இல்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடத்தில் அமர்ந்தால் இரும்பு +2-இன் எலக்ட்ரான் டைட்டேனியம் +4-க்குத் தாவுகிறது. ஆழ்நீலம். உலோகத்திலிருந்து உலோகத்துக்கே இடமாற்றம்.

இப்போது அளவைப் பாருங்கள். மாணிக்கம் நன்கு சிவக்க ஏறத்தாழ ஒரு சதவீதம் குரோமியம் வேண்டும். நீலக்கல்லுக்கு ஒரு சதவீதத்தின் நூறில் சில பங்கு போதும். படிகம் ஒன்றே, வழி வேறு. நான் ஜனவரி 24-இல் குடுவையில் போட்ட கணக்கை இயற்கை கல்லிலும் போட்டு வைத்திருக்கிறது.

2024 ஜனவரி 26, இரவு 8.00

இலங்கையிலிருந்து ஒருவர் இரத்தினபுரிக் கெவுடாக் கல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பால்போல் மங்கிய அந்தக் கல்லுக்கு ஒரு காலத்தில் மதிப்பில்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக வாங்கிச் சூடாக்கி நீலக்கல்லாக விற்றார்கள். உள்ளே நடந்தது மேலே சொன்னதுதான். பால் மங்கலுக்குக் காரணம் படிகத்துக்குள் ஊசி ஊசியாகப் பிரிந்து நிற்கும் டைட்டேனியம் டைஆக்சைடு. 1500 டிகிரிக்கு மேல் அது அலுமினாவில் கரைந்து, டைட்டேனியம் இரும்புக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது. உலையில் ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு +2 எல்லாம் +3 ஆகிவிடும். கொடுக்க எலக்ட்ரான் இராது. கல்லுக்குள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, இருந்தவர்களை இடம் மாற்றி உட்கார வைத்தார்கள்.

2024 ஜனவரி 27, காலை 7.45

பிரஷ்யன் நீலமும் இதே குடும்பமா? ஆம். இரும்பு +2-க்கும் இரும்பு +3-க்கும் இடையில் சயனைடு பாலம், அதன் வழியே எலக்ட்ரான் போகிறது. பெர்லினில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தற்செயலாகக் கிடைத்த சாயம். கட்டடப் பொறியாளர்களின் பழைய நீல வரைபடமும் அதுதான். ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்ட அச்சு முறை. தாலியம் என்ற நச்சு உலோகம் உடலில் சேர்ந்துவிட்டால் மருந்தாகவும் கொடுக்கிறார்கள். சயனைடு இருக்கிறதே என்று பதற வேண்டாம், இரும்பு அதை விடாது.

2024 ஜனவரி 27, மாலை 5.30

'துணிக்கடை'யின் கேள்வி எனக்குப் பிடித்தது. கலம்காரித் துணி ஓவியத்தின் கறுப்பு எந்த வகை?

கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் வேலை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துகிறார்கள். அப்போது அது மங்கிய மஞ்சள். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட நீர் தனியே இருக்கிறது. அந்த நீரில் பெரிதாக நிறமில்லை. அதில் எழுதுகோலை நனைத்துத் துணியில் இழுத்தால் கோடு கறுக்கிறது.

புளித்த நீரில் இருப்பது பெரும்பாலும் இரும்பு +2 அசிட்டேட். கடுக்காயில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள். இரண்டும் சேர்ந்து காற்றுப் பட்டதும் இரும்பு +3 ஆகி, டேனினிலிருந்து எலக்ட்ரான் இரும்புக்குத் தாவுகிறது. அந்தத் தாவல் ஒளிக்கற்றை முழுவதையும் ஏறக்குறைய விழுங்குவதால் கறுப்பு. பால் எதற்கு என்றால், அதன் கொழுப்பும் புரதமும் துணியில் இருப்பதால் கோடு பரவாமல் நிற்கிறது. அது வேதியியலை விடக் கைத்திறன்.

கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு +2 சல்பேட்) சேர்த்துக் காய்ச்சும் பழைய மையும் இதே சேர்மம்தான். எழுதியபின் நேரம் ஆக ஆகக் கறுக்கும். காகிதத்தை நாளடைவில் அரிக்கவும் செய்யும், அன்னபேதியில் இருந்து வரும் அமிலத்தால்.

2024 ஜனவரி 28, இரவு 9.00

இன்று சண்டை மயில்துத்தத்தில். 'உப்புக்காரன்' சொல்கிறார்: சூடாக்கினால் நீர் போய்விடுகிறது, ஈனி இல்லாததால் ஆர்பிட்டால் பிரிவதில்லை, ஆகவே வெள்ளை. பல விடைத்தாள்களில் இதைப் படித்திருக்கிறேன், மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நீர் போனபின் தாமிர அயனி அந்தரத்தில் மிதப்பதில்லை. சுற்றிலும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் இருக்கின்றன. ஆர்பிட்டால்கள் பிரிந்துதான் இருக்கின்றன, இடைவெளிதான் சிறுத்துவிட்டது. உறிஞ்சல் அகச்சிவப்புக்குள் நழுவிவிட, கண்ணுக்கு எட்டும் ஒளி முழுதும் தப்பி வருகிறது. அம்மோனியா ஊற்றினால் எதிர்த்திசை: இடைவெளி பெருத்து, உறிஞ்சலும் வலுத்து, ஆழ்நீலம்.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளின் கோபால்ட்டும் இங்கேயே. ஈரத்தில் ஆறு நீர், எண்முகி, இளஞ்சிவப்பு. உலர்ந்தால் குளோரைடு சூழ நான்முகி, நீலம். எண்முகிக்கு நடுவில் சமச்சீர் மையம் இருப்பதால் டி–டி தாவலுக்கு இன்னொரு தடை உண்டு. நான்முகிக்கு மையம் இல்லை, தடை தளர்கிறது. அதனால் நீலம் இளஞ்சிவப்பைவிட நூறு மடங்கு அளவுக்கு வலுவானது. கொஞ்சம் கோபால்ட்டிலேயே மணிகள் அவ்வளவு நீலமாகத் தெரிவது இதனால். கோபால்ட் குளோரைடு நச்சு என்பதால் இப்போது ஆரஞ்சு மணிகள் வருகின்றன. அவற்றில் கோபால்ட் கிடையாது.

2024 ஜனவரி 29, காலை 6.15

டி எலக்ட்ரான் பத்தும் நிரம்பிவிட்டால்? தாவ இடமே இல்லை, ஆகவே துத்தநாக உப்புகள் வெள்ளை. சரி. ஆனால் குப்ரஸ் ஆக்சைடிலும் தாமிரத்துக்குப் பத்து. அது செங்கல் சிவப்பு. நீரிழிவுக்கு வீட்டிலேயே சிறுநீரில் சர்க்கரை காட்டும் பெனடிக்ட் கரைசலைக் கொதிக்கவைத்துப் பார்த்த தலைமுறைக்கு அந்தச் சிவப்பு நினைவிருக்கும், வந்தால் வீட்டில் அன்று இனிப்பு இல்லை. சித்த மருத்துவத்தின் சாதிலிங்கம் பாதரச சல்பைடு. அதிலும் பத்து, அதுவும் சிவப்பு. சில்வர் அயோடைடு மஞ்சள். டி–டி தாவல் இல்லாமலே நிறம்.

துத்தநாக ஆக்சைடே சூடாக இருக்கும்போது மஞ்சள், ஆறினால் வெள்ளை. உப்புப் பகுப்பாய்வில் அதைப் பார்த்து எழுதியவர்கள்தான் நாம் எல்லாரும். எவருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் அந்த வயதில் வரவில்லை.

2024 ஜனவரி 29, இரவு 9.30

பிப்பெட் திரும்பி வந்து கேட்கிறார்: 'ஐயா, தேர்வில் என்ன எழுதட்டும்?'

பொதுவாக இடைநிலை உலோக அயனிகளின் நிறத்துக்குக் காரணம் கேட்டால் இணையாகாத எலக்ட்ரானையும் டி–டி தாவலையும் எழுதுங்கள். மதிப்பெண் வரும், பொய்யும் இல்லை. பெர்மாங்கனேட், குரோமேட், டைகுரோமேட் என்று பெயர் சொல்லிக் கேட்டால் 'ஆக்சிஜனிலிருந்து உலோகத்துக்கு மின்சுமை இடமாற்றம்' என்று ஒரே வரி. நீலக்கல்லையும் கலம்காரியையும் எழுதிவைக்காதீர்கள். திருத்துபவருக்கு மாலைக்குள் ஒரு கட்டு முடிக்க வேண்டும்.

என் மனத்தாங்கல் வேறு. நிறப் பாடத்தைப் பெர்மாங்கனேட்டில் தொடங்காமல் ஏன் டைட்டேனியம் +3-இல் தொடங்குகிறார்கள்? எந்தப் பள்ளி அலமாரியிலும் நான் அதைப் பார்த்ததில்லை. காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் கரைசல். பெர்மாங்கனேட் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. ஒரே செய்முறையில் பூஜ்யமும் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வருகின்றன. ஒரே ஒரு டி எலக்ட்ரான் உள்ள எளிதான கணக்கு வேண்டும் என்பதற்காகப் பார்க்க முடியாத கரைசலை உதாரணமாக்கிவிட்டார்கள்.

2024 பிப்ரவரி 3, காலை 8.20

'கருங்கல்' எதிர்வாதம்: தொடக்கத்திலேயே மின்சுமை இடமாற்றத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்கு டி ஆர்பிட்டால் பிரிவே மனதில் நிற்காது, காந்தப் பண்பும் அணைவுச் சேர்மங்களின் பாடமும் அதன் மேல்தான் நிற்கின்றன என்கிறார். இதில் நியாயம் இருக்கிறது. வரிசையை மாற்ற வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். 'டி எலக்ட்ரான் இல்லையென்றால் நிறமில்லை' என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடலாம். அதை எடுத்தால் எந்தப் பாடமும் இடிந்துவிடாது.

2024 பிப்ரவரி 11, மாலை 4.00

செய்முறைத் தேர்வுக்கு முன் கடைசிக் கேள்வியாம்: வெள்ளைச் சட்டையிலும் பியூரெட் முனையிலும் பெர்மாங்கனேட் பழுப்புக் கறை. அது மாங்கனீசு டைஆக்சைடு, சோப்புக்கு அசையாது. பியூரெட்டுக்குக் கந்தக அமிலம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான ஆக்சாலிக் அமிலம், பிறகு நிறைய நீர். சட்டைக்கும் விரலுக்கும் அது வேண்டாம். வைட்டமின் சி மாத்திரையை நீரில் கரைத்துத் தேய்த்தால் +4 மாங்கனீசு +2 ஆகிக் கரைந்துவிடும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், மெதுவாக.